ரிட்டயர் ஆயாச்சா? ஆற்றங்கரையில் வேலை காலி இருக்கிறது!

மாலை போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். "இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சார்!" என்று சொல்லி, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து, வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தைந்து வருஷம் மணி பார்த்து ஓடியவருக்கு, மணி பார்க்கவே அவசியமில்லாத நாளில் ஒரு கடிகாரம்!

முதல் மூன்று மாதம் ஜோராகத்தான் போகும். திருப்பதி, பெண் வீடு, பிள்ளை வீடு, பாங்க் வேலை, பென்ஷன் வேலை என்று நாள் ஓடிவிடும். நாலாவது மாதம்தான் வில்லங்கம். காலை எட்டு மணிக்கே பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து முடித்தாயிற்று. டி.வி.யில் நேற்று பார்த்ததையே இன்றும் காட்டுகிறார்கள். பத்து மணி வாக்கில் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "தாளிக்க எதுக்கு இவ்வளவு எண்ணெய்?" என்று ஆரம்பிக்கிறீர்கள். பெல்லில் ஒரு ஷாப்பையே கட்டி மேய்த்தவர், பொன்மலை ஒர்க்ஷாப்பில் அத்தனை பேருக்கு உத்தரவு போட்டவர், இன்றைக்குக் கொத்தமல்லிக் கட்டை மேற்பார்வை பார்க்கிறார். உள்ளேயிருந்து வருகிற பதிலைச் சொல்ல வேண்டியதில்லை!

டாக்டரிடம் போனால், "தினம் அரை மணி வாக்கிங் போங்க" என்கிறார். புது ஷூ வாங்குகிறீர்கள். ஒரு வாரம் நடக்கிறீர்கள். அப்புறம் ஒரு நாள் தூறல், ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் அசதி. ஷூ பரணுக்குப் போய்விடுகிறது.

ஏன் நின்றுபோகிறது தெரியுமா? சோம்பேறித்தனம் இல்லை. நடப்பதற்கு ஒரு காரணம் இல்லை. ஆபீஸ் போன காலத்தில் யாரும் உங்களை 'நடங்கள்' என்று சொல்லவில்லை. போக ஓர் இடம் இருந்தது, பார்க்க ஒரு வேலை இருந்தது. அதனால் கால் தானாக நடந்தது. இப்போதும் அதே மருந்துதான் வேண்டும். போக ஓர் இடம், பார்க்க ஒரு வேலை.

திருச்சி, ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த இடம் காலடியில் இருக்கிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தீவு. சம்பளம் கிடையாது; ஆனால் கரையில் பறவையும் பூச்சியும் மரமும் பார்க்கிற வேலை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

வெறும் மணலில் என்ன இருக்கு?

"என்ன சார், காவிரியா? சித்திரை மாசத்தில் போய்ப் பாருங்க, பாலைவனம் மாதிரி கிடக்கு. அதில் என்ன இருக்கு பார்க்க?" என்று கேட்பீர்கள்.

பாலைவனம் என்று சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். பாதிக்குப் பாதி பாலை. ரிட்டயர் ஆனவர்கள் குளிருக்குப் பயந்து அங்கே போய்க் குடியேறுகிறார்கள். 1960-லேயே அவர்களுக்கென்று சன் சிட்டி என்ற ஊரையே கட்டிவிட்டார்கள். வெறும் மணலும் கள்ளியும்தானே என்று போனவர்களில் பலர் பைனாகுலரும் கையுமாக மாறிவிடுகிறார்கள். ஏனென்றால் அங்கே மரம் உயரத்துக்கு வளர்கிற கள்ளியில் மரங்கொத்தி பொந்து போடுகிறது. அது காலி செய்த பொந்தில் உள்ளங்கை அளவே உள்ள ஓர் ஆந்தை குடிவருகிறது. ஒரே கள்ளியில் வாடகைக்கு வீடு மாதிரி! நம் ஊரில் பட்டுப்போன தென்னையில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறுவதும் அதே கதைதான்.

இப்போது நம் மணலுக்கு வாருங்கள். காலை ஆறரை மணிக்குள் கரையோரம் போய் நில்லுங்கள். சிவப்பு மூக்கு, மஞ்சள் கால், கறுப்புத் தொண்டையோடு ஒரு பறவை உங்களைப் பார்த்ததும் ஊரையே கூட்டுகிறதா? அதுதான் ஆட்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர். கூடு கட்டுவதில்லை. மணலிலும் சரளையிலும் சின்னக் குழி பறித்து, பொதுவாக நாலு முட்டை போடும். கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் அந்த முட்டைகள் பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது.

திருச்சி வெயிலில் முட்டை வெந்துவிடாதா? அங்கேதான் அதன் சாமர்த்தியம். மிச்சமிருக்கிற தண்ணீரில் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஈரத்துணி போட்டுப் பானையைக் குளிர வைக்கிறோமே, அதே வித்தை. இதைப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போகக் கூடாது. நீங்கள் கிட்டே நின்றால் அது முட்டையை விட்டு எழுந்துவிடும். முட்டை வெயிலில் காயும். தள்ளி உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். பொறுமைக்கு ரிட்டயர் ஆனவரைவிட யார் தோது?

கரையின் மண்சரிவில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகிறதா? பாம்புப் புற்று என்று பயந்து ஓடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். மரகதப் பச்சையில், வால் நுனியில் ஊசி நீட்டிக்கொண்டு ஒரு குருவி அதற்குள் போய் வந்தால், அது பஞ்சுருட்டான். சரிவுக்குள் சுரங்கம் குடைந்து உள்ளே குஞ்சு பொரிக்கிறது.

காய்ந்த மணலில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, நினைவிருக்கிறதா? குழியானை! சின்ன வயதில் துரும்பு விட்டுப் பிடித்து விளையாடியிருப்பீர்கள். எறும்பு சறுக்கி விழட்டும் என்று அடியில் காத்திருக்கும் இந்தப் பூச்சி, வளர்ந்ததும் தட்டான் மாதிரி கண்ணாடிச் சிறகோடு பறந்துபோகிறது. அறுபது வருஷமாக உங்களுக்குத் தெரிந்த குழியானையின் மறுபாதிக் கதை இது.

வற்றிய ஆறு காலியான ஆறு இல்லை. ரிட்டயர்மெண்டும் அப்படித்தான். தண்ணீர் வற்றியபோதுதான் தெரிகிற சங்கதிகள் நிறைய இருக்கின்றன.

நீங்கள் புதுசு இல்லை

"எனக்குக் காக்காயும் குருவியும் தவிர ஒண்ணும் தெரியாதே!" என்று தயங்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் செம்பருந்து தலைக்கு மேலே வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்களா இல்லையா? செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. எந்தப் புத்தகமும் இல்லாமலே மற்ற பருந்துகளிலிருந்து கருடனைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். பறவை பார்ப்பதில் முதல் பாடம் முடிந்துவிட்டது!

நம்ம ஊரே அப்படி. திருவானைக்காவலின் தலபுராணத்தில் யானையும் சிலந்தியும் போட்டி போடுகின்றன. அங்கே தலமரம் வெண்நாவல், ஸ்ரீரங்கத்தில் புன்னை. உறையூருக்குக் கோழியூர் என்றே ஒரு பெயர். மார்கழியில் திருப்பாவை சொல்கிறீர்களே, தோழிகளை எழுப்ப ஆண்டாள் காட்டுகிற விடியல் அடையாளங்களில் பறவைகளின் சத்தமும் உண்டு. அதில் வருகிற ஆனைச்சாத்தனைப் பெரியவர்கள் வலியன் என்பார்கள். நாம் கரிச்சான், ரெட்டைவால் குருவி என்கிறோம். கரண்ட் கம்பியில் கறுப்பாக, பிளவுபட்ட வாலோடு உட்கார்ந்திருக்குமே, அதேதான். விடிவதற்கு முன்னாலேயே குரல் கொடுக்கத் தொடங்கும். ஒரு நாள் நாலரை மணிக்கு எழுந்து காது கொடுத்துப் பாருங்கள்.

வயதைக் காட்டித் தயங்குகிறீர்களா? மா. கிருஷ்ணன் என்ற தமிழர், நம் நாட்டின் பெரிய இயற்கை எழுத்தாளர்களில் ஒருவர், சென்னையில் வாழ்ந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் தன் 83வது வயதில் காலமாகும்வரை எழுதினார். யானை, புலி மட்டுமல்ல, வீட்டைச் சுற்றித் திரிகிற காக்காய், அணில், பல்லி எல்லாமே அவருக்கு விஷயம்தான்.

உடம்புக்கு என்ன லாபம்?

இது ஆரோக்கியப் பத்திரிகையாயிற்றே, கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

2019-ல் எக்ஸெடர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த விவரங்களை அலசினார்கள். வாரத்தில் மொத்தம் 120 நிமிஷமாவது பூங்கா, தோப்பு, நீர்க்கரை போன்ற இடங்களில் கழித்தவர்களில், "உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் அதிகம். ஒரே நாளில் இரண்டு மணி நேரமோ, தினம் இருபது நிமிஷமோ, எப்படிப் பிரித்தாலும் சரி. வயதானவர்களிடமும், நாள்பட்ட வியாதி உள்ளவர்களிடமும் இதே நிலைதான். "உடம்பு நன்றாக இருப்பவன்தானே வெளியே போவான்?" என்று கேட்டால், நியாயமான கேள்வி. இந்த மாதிரி கணக்கெடுப்பு அதை முழுசாகத் தீர்த்து வைக்காது.

அதற்கும் முன்னால், 1984-ல் வெளியான ஓர் ஆய்வு. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 நிமிஷ மிதமான உடல் உழைப்பைச் சொல்கிறது. அதோடு, கீழே விழாமல் இருக்க, உடம்பின் சமநிலைக்கான பயிற்சி வாரம் மூன்று நாள். குருவியைத் தேடி நின்று, திரும்பி, குனிந்து, நிமிர்ந்து நடப்பவருக்கு முதல் கணக்கில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

இன்னொரு லாபம், யாரும் சொல்லாதது. கண்ணும் காதும் எப்படி இருக்கின்றன என்று பறவைகளே சொல்லிவிடும்!

மீன்கொத்தியின் முதுகு பளீர் நீலம். அது உங்களுக்கு அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், கண்புரை ஆரம்பித்திருக்கலாம். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சள் பூத்து நீலத்தை வடிகட்டிவிடுகிறது. ஆபரேஷன் ஆனவர்கள் "இத்தனை நாள் இந்த நீலத்தைப் பார்க்காமலே இருந்திருக்கேனே" என்று சொல்வது அதனால்தான். அதேபோல, வயதில் முதலில் மங்குவது உச்சஸ்தாயிச் சத்தம். பக்கத்தில் நிற்கிற பேத்தி, "தாத்தா, தேன்சிட்டு கத்தறது!" என்கிறாள். உங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் செம்போத்தின் 'ஊப்... ஊப்...' கேட்கிறது. காது டாக்டரைப் பார்க்க இதைவிட முன்னெச்சரிக்கை வேண்டுமா?

ஆற்றங்கரைப் பஞ்சாங்கம்

ஆபீஸ் இல்லாதவர்களுக்குத் திங்களும் ஒன்றுதான், ஞாயிறும் ஒன்றுதான். நாள் கலைந்துபோவதுதான் பலரை வாட்டுகிறது. அதற்கு ஒரு புதுப் பஞ்சாங்கம்:

மாசி, பங்குனி: குயில் கூவ ஆரம்பிக்கும். கூவுவது கறுப்பு ஆண். உடம்பெல்லாம் புள்ளியோடு பக்கத்து மரத்தில் இருப்பது வேறு பறவையல்ல, பெண் குயில்தான். கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்தால், அடியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். மைனா, கரிச்சான், காக்காய் என்று பந்தியே நடக்கும்.

சித்திரை, வைகாசி: மணல் காலம். மேலே சொன்ன ஆட்காட்டி, பஞ்சுருட்டான், குழியானை. காலை எட்டு மணிக்குமேல் வெளியே வேண்டாம்.

ஆனி, ஆடி: மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். காய்ந்த மணலில் தண்ணீர் ஊர்ந்து வரும்போது, அதன் முனையோடு கொக்குகள் நடந்து வருவதைப் பாருங்கள். வளையிலிருந்து வெளியேறுகிற பூச்சிகள் அவற்றுக்கு விருந்து. பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் நமக்குச் சித்ரான்னம். அதற்கு முன்பே கொக்குகள் கொண்டாடி முடித்துவிடும்!

புரட்டாசி, ஐப்பசி: விருந்தாளிகள் வரும் காலம். வாலை ஆட்டிக்கொண்டே கரையில் ஓடுகிற சாம்பல் வாலாட்டி இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிறது. தோட்டத்து நிழலில் ஒன்பது நிறத்தில் ஒரு குட்டைவால் பறவை ஒதுங்கினால் அதிர்ஷ்டம். காலை, மாலை ஆறு மணி வாக்கில் கூவுவதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்றே பெயர். மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கிற தட்டான்களில் ஒரு வகை, கடல் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

மார்கழி, தை: அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பலாம். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரித் தண்ணீரில் நிரம்புகிற ஏரி. 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து இங்கே வருகிறது. நாம் முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏற யோசிக்கிறோம்!

மாமிக்கு எப்போது ரிட்டயர்மெண்ட்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "சரி, நாளையிலிருந்து நான் ஆற்றங்கரைக்குக் கிளம்பறேன்" என்று ஐயா புறப்பட்டுவிடுவார். அம்மா?

பறவைகள் நன்றாகத் தெரிகிற நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. வீட்டில் அடுப்பு எரிகிற நேரமும் அதுதான். அவர் காற்று வாங்கிவிட்டு வரும்போது இவர் டிபன் எடுத்து வைக்க வேண்டும் என்றால், அந்த ஆரோக்கியம் ஒருவருக்கு மட்டும்தான். உங்களுக்கு அறுபதில் வேலை முடிந்தது. அவருக்கு எந்த வருஷம் முடியும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வாரத்தில் மூன்று நாளாவது காபியை நீங்கள் போடுங்கள். டிபனுக்கு முந்தின நாள் மாவு இருக்கவே இருக்கிறது. எட்டரை மணிக்குத் தோசை வார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேருமாகக் கிளம்புங்கள். வீட்டில் ஒருவரையொருவர் கவனித்துக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாலு கண்களும் ஒரே மீன்கொத்தியைப் பார்க்கும்போது, பேச வேறு விஷயம் கிடைக்கிறது.

அப்புறம், கவனிப்பதில் அம்மாக்கள் உங்களுக்கு சீனியர். காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டு, எந்தக் காக்காய் நொண்டி, எது குஞ்சோடு வருகிறது என்று சொல்வது யார்? பச்சரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்குப் பந்தி வைப்பது யார்?

வெளியே போக முடியாத நாளுக்கு வீட்டிலேயே ஒரு காடு. தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறதா? இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். உற்றுப் பாருங்கள், அது புழு! பறவைகளை ஏமாற்ற அந்த வேஷம். அப்புறம் பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, கறுப்புச் சிறகுள்ள பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும். கொஞ்சம் கறிவேப்பிலை நஷ்டம்தான். ரசத்துக்கு மிச்சம் இருக்கும். எலுமிச்சை, நாரத்தையிலும் இதன் உறவுக்காரர்கள் முட்டையிடும். கொல்லையில் எருக்கு முளைத்திருந்தால் வெந்தய நிறப் பூச்சி வரும். தேனுக்கு ஒரு இட்லிப்பூச் செடி போதும்.

பெரிய அளவில் பார்க்க ஆசையா? ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம், இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள், சுமார் 25 ஏக்கர். நடைபாதை இருப்பதால் மூட்டுவலிக்காரர்களும் மெதுவாகச் சுற்றலாம். அப்படியே முக்கொம்பு. கொள்ளிடம் பிரிகிற இடத்தில் 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடம். குழந்தைகள் ஊஞ்சலாடட்டும், நீங்கள் மதகுப் பக்கம் நீர்க்காகம் முங்கி எழுவதை எண்ணுங்கள்.

கிளம்புவதற்கு முன்...

● ஷுகர் உள்ளவர்கள் ஆற்று மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நரம்பு மரத்திருந்தால் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். இன்சுலின், மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போக வேண்டாம். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

● வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். பி.பி.க்கு, சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவே உங்களுக்கு அளவு.

● அண்ணாந்து ரொம்ப நேரம் பார்க்காதீர்கள். கழுத்து வலியும் கிறுகிறுப்பும் வரும். மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப்போய் உட்கார்ந்து பாருங்கள். எழும்போது மெதுவாக.

● புல்லும் புதரும் மண்டிய இடத்தில் கை, கால் விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை.

● நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிஷம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசி.

● ஆற்றில் இறங்க வேண்டாம். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. தண்ணீர் திறக்கும் நாட்களில் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

● பறவைக்கு மொட்டைமாடியில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் குருவிக்கு வைத்த தண்ணீரில் டெங்கு கொசு வளரும். ஆஸ்துமா, நுரையீரல் கோளாறு உள்ள வீட்டில் பால்கனியில் புறாவுக்குத் தீனி போட்டுப் பழக்காதீர்கள். எச்சத் தூசி ஆகாது.

● இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வெறும் போரடிப்பு அல்ல. குருவி பார்த்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில்

செலவு அதிகமில்லை. பைனாகுலர் முதல் நாளே வாங்க வேண்டாம். ஆறு மாதம் வெறுங்கண்ணால் பாருங்கள். ஆர்வம் நிலைத்தால் எட்டு மடங்கு பெரிதாக்குகிற, எடை குறைந்த ஒன்று போதும். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் என்ற செயலி செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது. பேரனை விட்டுப் போடச் சொல்லுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று கட்டாயம். தேதி, நேரம், இடம், எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது. முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதிய கைக்கு இது பிரமாதமா? ஒரு வருஷம் எழுதினால், வாலாட்டி போன வருஷம் எந்த வாரம் வந்தது, இந்த வருஷம் எந்த வாரம் என்று உங்கள் தெருவைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விவரம் உங்களிடம் இருக்கும். வீண்போகாது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து எண்ணிப் பதிவு செய்தால் உங்கள் கணக்கும் அதில் சேரும்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து பிள்ளை போன் செய்கிறான். "சாப்டியாப்பா?", "மாத்திரை போட்டியா?", "அங்கே குளிரா?" மூன்று நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மௌனம். போனை வைத்த பிறகு கூடத்தில் இன்னும் பெரிய மௌனம். ரிட்டயர் ஆனவர்கள் வீட்டில் பி.பி.யையும் ஷுகரையும்விடப் பரவலாக இருக்கிற வியாதி இது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, "ஆட்காட்டி முட்டை போட்டிருக்குடா, நாலு. அம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சா!" என்று ஆரம்பித்துப் பாருங்கள். பேரப்பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டு, "குஞ்சு எப்போ தாத்தா வரும்?" என்று கேட்கும். கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும். நாலு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேச்சு இருக்கிறது!